புத்தகம் வருகிற நேரத்தில் ஊரில் வெள்ளம்: பின்னட்டையில் அதைப் போடலாமா?

கொடிக்கால் (கேள்வி கேட்டவர்):

வணக்கம் தோழமைகளே. என்ன ஆச்சு என்று விசாரித்த எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் எல்லோரும் நலம். கரண்டும் டவரும் இப்போதுதான் ஒழுங்காக வருகின்றன.

முதலில் நல்ல செய்தி. போன வருஷம் நீங்கள் இணையத்தில் எபி எபியாக, அதாவது அத்தியாயம் அத்தியாயமாகப் படித்த கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்) கதை அச்சுப் புத்தகமாக வருகிறது. சென்னைப் பதிப்பகம் ஒன்று எடுத்திருக்கிறது. முதல் பதிப்பு 300 பிரதி, விலை 250 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். முன்பணமாக 7,500 ரூபாய் வங்கியில் ஏறிவிட்டது. 2024 ஜனவரி 3 முதல் 21 வரை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிற புத்தகக் காட்சியில், பொங்கலை ஒட்டி அரங்குக்கு வந்துவிடும் என்கிறார்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு இந்த 2023ஆம் ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலில் நடக்கிற ஒரு காதல் கதை அதே ஆண்டில் அச்சுக்குப் போகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி மற்றது. நான் தூத்துக்குடி மாவட்டத்து ஏரல்காரி. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. மேலே அணைகளில் திறந்த தண்ணீரும் குளங்கள் உடைந்து வந்த தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணியில் இறங்கியதில் ஏரல் பாலமே அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தெருவில் மாடி இருக்கிற வீடுகள் குறைவு. அதனால் தெருவே எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சியை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினோம். அம்மா ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே இருந்தார். கீழே வீட்டுக்குள் தண்ணீர் சுவிட்ச் போர்டைத் தொட்டு நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்ததுதான் மனசை விட்டுப் போகவில்லை. எதிர்வீட்டு மைனி தையல்காரர். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் தைக்க வாங்கியிருந்த துணி பூராவும் சேற்றுக்குள். எல்லாம் அடுத்தவர்கள் துணி. ஒவ்வொரு ஜாக்கெட் துணியிலும் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். சீட்டு இருக்கிறது, எழுத்து கரைந்துவிட்டது. ஒவ்வொன்றாக அலசி எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டு, "இது பஜார் அக்காவோடது, இதுக்கு மஞ்சள் லைனிங் கேட்டாங்க, இது வாழவல்லான் டீச்சரோடது" என்று நினைவில் இருந்தே பிரித்து அடுக்கினார். மெஷின் மேஜை ஊறி உப்பிப்போய்விட்டது.

பஜாரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிற அண்ணாச்சி கடையின் பின்னறையில் வாடகைக்கு நாவல் கொடுப்பார். நான் படித்து வளர்ந்த குடும்ப நாவல்கள் எல்லாம் அந்த அறையில் இருந்து வந்தவைதான். அடித்தட்டு முழுக்க நனைந்து கட்டுக்கட்டாக ஒட்டிக்கிடக்கிறது. ஆத்தூரில் சித்தப்பாவின் கொடிக்காலில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. வேரில் தண்ணீர் நின்றால் வெற்றிலைக் கொடி அழுகிவிடும். கொடி படர்கிற அகத்தி மரம் நிற்கும், கொடி நிற்காது.

இப்போது கேள்வி. பதிப்பகத்து ஆசிரியர் நல்ல மனிதர். போன் போட்டு முதலில் எங்கள் எல்லோரையும்தான் விசாரித்தார். அப்புறம் மூன்று யோசனை சொன்னார். ஒன்று, "வெள்ளம் சூழ்ந்த ஏரலில் இருந்து ஒரு காதல்" என்று பின்னட்டையில் ஒரு வரி. இரண்டு, "இந்நூலின் வருமானம் வெள்ள நிவாரணத்துக்கு" என்று இன்னொரு வரி. மூன்றாவது, கடைசியில் ஓர் அத்தியாயம் கூட்டுவது. என் நாயகனும் நாயகியும் முதன்முதலில் பார்த்துக்கொள்வது ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ராத்திரி தண்டவாளத்து ஜல்லியை வெள்ளம் அரித்ததால் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேரோடு அதே ஸ்டேஷனில்தான் நின்றது. அந்த ரயிலுக்குள் இவர்கள் இருவரையும் உட்கார வைக்கலாமே என்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. இந்தச் சமயத்தில் புத்தகம் வெளியிடுவதே சரியா, தள்ளிப்போடலாமா என்றும் இருக்கிறது. நனைந்த நாவல்களை மீட்க வழி தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

முடிச்சூர் வாசகி:

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. புத்தகத்துக்கு வாழ்த்துகள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது தரைத்தளம் முழுக்கப் போனது. இந்த டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரைப் பார்த்தோம். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மாதிரி நேரத்தில் தெருவில் ஒருவருக்கு வேலை கிடைத்தது, இன்னொரு வீட்டில் குழந்தை பிறந்தது என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுவோம். உங்கள் மைனியிடம் கேட்டுப் பாருங்கள், அவரே முதல் பிரதி கேட்பார்.

உதவி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரம் பிரெட், பிஸ்கட், பாய், போர்வை எல்லாம் லாரி லாரியாக வரும். எங்களுக்கும் வந்தது, அனுப்பிய ஒவ்வொருவரையும் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மூன்றாவது வாரத்தில் வண்டிகள் நின்றுவிடும். அப்போதுதான் தொழில் செய்கிறவர்களுக்கு நிஜமான கஷ்டம் ஆரம்பிக்கும். அயர்ன் வண்டிக்காரருக்குப் பெட்டி வேண்டும், டிபன் கடைக்காரருக்குக் கிரைண்டர் வேண்டும், தையல்காரருக்கு மெஷின் வேண்டும். அரசு அறிவித்திருக்கிற 6,000 ரூபாய் வீட்டுச் சாமானுக்கும் மருந்துக்கும் போய்விடும், அதில் மெஷின் வாங்க முடியாது. நீங்கள் அந்தத் தெருவிலேயே இருப்பதால் யாருக்கு எது இல்லாமல் வேலை நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலைப் போடுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

சாமானைச் சென்னையில் வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். ஏரல் பஜார் கடைக்காரர்களும் சரக்கை இழந்துதானே நிற்கிறார்கள்? அங்கே கடை திறந்தவரிடமே வாங்கினால் ஒரே பணம் இரண்டு வீட்டுக்கு உதவும்.

மைனியின் மெஷின் காலால் மிதிக்கிறதா, மோட்டாரா? மிதிக்கிறது என்றால் நம்பிக்கை இருக்கிறது. 2015இல் எங்கள் அத்தையின் மெஷின் பிழைத்தது. தலையை மேஜையில் இருந்து கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, துணியால் ஒற்றி, மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தோம். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, அழுக்கு இறங்கிய பிறகு மெஷின் எண்ணெய் போட்டோம். துருப் பிடிக்கும் முன்னால் செய்துவிட வேண்டும். மேஜையும் பெல்ட்டும் புதிதாக மாற்ற வேண்டியிருக்கும். மோட்டார் என்றால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கைச் செருகவே கூடாது.

சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் இந்த நேரத்தில்தான் வரும்.

மெய்ப்புத் திருத்துநர்:

வாழ்த்துகள் அம்மா. அச்சுத் துறையில் இருப்பவன் என்பதால் அந்த இரண்டாவது வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

250 ரூபாயில் பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 25. 300 பிரதிக்கு 7,500. அதாவது முதல் பதிப்பு மொத்தமும் விற்றால் உங்களுக்கு வர வேண்டியது எதுவோ, அது முன்பணமாக ஏற்கெனவே வந்துவிட்டது. இனி இந்தப் பதிப்பில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அப்படியிருக்க, "இந்நூலின் வருமானம் வெள்ள நிவாரணத்துக்கு" என்று அட்டையில் போட்டால் யாருடைய வருமானம் அது? பதிப்பகம் தன் பங்கைத் தருகிறதா? எவ்வளவு, யாரிடம், எப்போது? ஒரு வாசகர் 250 ரூபாய் கொடுக்கும்போது அந்தப் பணம் முழுக்க ஏரலுக்குப் போகிறது என்றுதான் நினைப்பார். காகிதம், அச்சு, கடைக்காரர் கழிவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம் என்று அவருக்கு யார் சொல்வது? பதிப்பகம் உதவ நினைத்தால் ஒரு தொகையை இப்போதே கொடுக்கட்டும். அதற்கு அட்டை தேவையில்லை.

உங்கள் 7,500 ரூபாயை நீங்கள் தெருவுக்குச் செலவழிக்க நினைத்தால் அது உங்கள் விருப்பம், நல்ல காரியம். அது உங்கள் பணம், இன்றே கையில் இருக்கிறது. புத்தகம் விற்கிறதா என்று பார்த்துக்கொண்டு அந்த மைனி காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் தர முடியும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அச்சு உரிமை மட்டும் தருகிறேன், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்னிடம்தான் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அமேசானின் சந்தா மின்னூல் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் கதை ஓடிக்கொண்டிருந்தால் அச்சுப் புத்தகத்தால் அதற்குத் தடையில்லை; 90 நாள் வேறெங்கும் வெளியிடக் கூடாது என்கிற கட்டுப்பாடு மின்வடிவத்துக்கு மட்டும்தான். ஆனால் அது ஓடும் வரை பதிப்பகம் தன் பங்குக்கு வேறு எங்கும் மின்னூல் போடக் கூடாது. அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கூடுதல் அத்தியாயம் வேண்டாம் என்பது என் கருத்து. பக்கம் கட்டி முடித்த நூலில் கடைசி நேரத்தில் சேர்த்தால் பிழைதான் மிஞ்சும். அதைவிட, முடிவை முன்பே யோசித்து எழுதிய கதை அது. அந்த முடிவுக்காகத்தான் இத்தனை பேர் படித்தார்கள்.

காயல் தம்பி:

அக்கா, நான் கொஞ்சம் மாறுபடுறேன். எங்க ஊர்ல 95 சென்டிமீட்டர்னு நீங்க எழுதியிருக்கீங்க. ஒரு வருஷத்துக்கு மேல பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல பெய்ஞ்சது. சென்னை வெள்ளம்னா ஒரு மாசம் எல்லா டிவியிலயும் ஓடுது, நம்ம பக்கம் நடந்ததை ஒரு வாரத்துல விட்டுட்டாங்க. அதை நம்ம எழுதலைன்னா யாரு எழுதுவா? அட்டையில வேண்டாம்னு நானும் சொல்றேன், அது விளம்பரம் மாதிரி ஆயிடும். ஆனா கதையில வரணும். காதல் கதை படிக்கிறவங்கதான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க. எங்க உம்மா செய்தி பாக்க மாட்டாங்க, உங்க கதையைப் படிப்பாங்க.

அந்த ரயிலைப் பத்தியும் எழுதணும். ஆனா ரயிலுக்குள்ள இருந்து வேண்டாம். ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற புதுக்குடி ஊர்க்காரங்க இடத்துல இருந்து எழுதுங்க. அவங்க வீட்டையே தண்ணி சூழ்ந்திருக்கு, இருந்த அரிசியைப் போட்டு ஆக்கி ரயில்ல நின்னவங்களுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாங்க. அதைவிட என்ன கதை வேணும்?

பழைய நூலகர்:

நனைந்த புத்தகங்களுக்கு மட்டும் பதில்.

நனைந்து இரண்டு நாளுக்குள் பூஞ்சை வர ஆரம்பித்துவிடும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது என்பதால் முதலில் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குறிப்பாக மூச்சிளைப்பு உள்ளவர்கள் அந்த அறைக்குள் போகவே வேண்டாம். அண்ணாச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது, எவை மறுபடி கிடைக்காதவை என்று. வாடகை நூலகங்களில் இருக்கிற மாத நாவல்கள் பலவற்றுக்கு மறுபதிப்பே கிடையாது. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கடையில் இன்றும் வாங்கக் கிடைப்பதற்கு உழைப்பைச் செலவழிக்காதீர்கள்.

இன்னும் ஈரமாக, ஒட்டிய கட்டாக இருப்பதைப் பிரிக்க முயன்றால் கிழியும். ஒவ்வொரு கட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் மாதிரி ஏதாவது ஒன்றில் வைக்க முடிந்தால் பூஞ்சை அப்படியே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஃப்ரீசர் வசதி இல்லையா? சரி, மின்விசிறி போதும். புத்தகத்தை லேசாக விரித்து நிமிர்த்தி நிற்க வையுங்கள், நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெயிலில் நேரடியாகக் காயப்போட்டால் சாணித்தாள் முறுகிப் பொடியும், நிழலும் காற்றும்தான் நல்லது. பளபள அட்டைகளை ஈரம் இருக்கும்போதே உள்பக்கத்தில் இருந்து பிரித்து வைத்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் ஒட்டியது ஒட்டியதுதான். முழுக்க உலர்ந்த பிறகு வெளியிடத்தில் வைத்து மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் துடைக்கலாம். ஈரத்தில் துடைத்தால் உள்ளே இறங்கிவிடும்.

அந்த அறையின் பெயர்ப் பதிவேடு பிழைத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஒரு ஊரில் பெண்கள் எதைப் படித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கொடிக்கால்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு நிதானமாக யோசித்துப் பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மெய்ப்புத் திருத்துநர் ஐயா போட்ட கணக்கை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். வருமானம் பற்றிய வாசகம் நீங்கியது, வெள்ளம் பற்றிய வாசகமும் நீங்கியது. பின்னட்டையில் முன்பு முடிவு செய்திருந்த மூன்று வரிக் கதைச்சுருக்கமே இருக்கும். பதிப்பகம் தன் பங்குக்கு ஆற்றங்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு அனுப்புகிறது. அதையும் பஜார் அண்ணாச்சி மேல்தட்டில் இருந்து காப்பாற்றிய சரக்கில் இருந்தே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தில் அச்சு உரிமை மட்டும், மூன்று ஆண்டு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மனம் ஏன் ஒப்பவில்லை என்பது இங்கே பேசிய பிறகுதான் எனக்குத் தெளிந்தது. என் நாயகியும் நாயகனும் அந்த ரயிலில் இருந்தால் வாசகர் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வதைத்தான் பார்ப்பார். அங்கே நிஜமாக இருந்தவர்களில் பால் பவுடர் கிடைக்குமா என்று தவித்த தாய்மார்கள் இருந்தார்கள், மாத்திரை தீர்ந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களை என் காதலர்களுக்குப் பின்னால் கூட்டமாக நிறுத்த என்னால் முடியாது. காதல் கதை சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, பதினைந்து வருஷமாக அதைத்தான் எழுதுகிறேன். அதனால்தான் ஒரு பெரிய துயரத்தை அதற்கு அலங்காரமாக வைக்க மனசு வரவில்லை.

ஆனால் தம்பி, நீங்கள் சொன்னது உண்மை. நாம் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். புதுக்குடி அடுப்படியில் இருந்து ஒரு கதை எழுதுவேன். அதற்கு முன்னால் அங்கே போய்ச் சமைத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். இப்போது போனால் அவர்களுக்கு வீட்டைக் கழுவுகிற வேலை இருக்கும், சித்திரைக்குப் பிறகு போகிறேன். உம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மைனியின் மெஷின் மிதிக்கிறதுதான். மண்ணெண்ணெய் வைத்தியம் செய்தோம். சக்கரம் முதலில் அசையவே இல்லை. மைனியின் மகன் பிடிவாதமாகச் சுற்றிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஊசி கீழே இறங்கி மேலே வந்தது. மேஜைக்கும் பெல்ட்டுக்கும் முன்பணத்தில் இருந்து கொடுத்தேன். மைனி வாங்க மாட்டேன் என்றார். புத்தக வெளியீட்டுக்கு நான் கட்டுகிற சேலைக்கு ஜாக்கெட் நீங்கதான் தைக்கணும், இது அதுக்கு அட்வான்ஸ் என்று சொல்லிக் கையில் திணித்தேன். முதல் பிரதியும் அவருக்குத்தான், அதை அவரே கேட்டுவிட்டார்.

அண்ணாச்சியின் நாவல்களில் மறுபதிப்பு இல்லாதவற்றைப் பிரித்து மாடி அறையில் விசிறிக்குக் கீழே நிற்க வைத்திருக்கிறோம். ஃப்ரீசர் கேட்டுப் பார்த்தேன், ஊரில் எல்லா ஃப்ரீசரும் தண்ணீரில் கிடந்தவைதான். பதிவேடு பிழைத்திருக்கிறது. இரும்புப் பெட்டியில் இருந்ததால் ஓரம் மட்டும் நனைந்திருக்கிறது. பெயர் வரிசையில் எங்கள் அம்மா பெயரும் இருக்கிறது.

முடிச்சூர் தங்கச்சி கேட்ட பட்டியல்: எங்கள் தெருவில் ஒரு மாவு கிரைண்டர், ஒரு அயர்ன் பெட்டி, பால்காரருக்குக் கேன், மைனிக்கு லைனிங் துணியும் நூல்கண்டும். சித்தப்பாவுக்கு இப்போது எதுவும் வேண்டாம் என்கிறார், தண்ணீர் வடிந்து நிலம் ஆறிய பிறகு புதுக் கொடி நட விதைக்கொடி தேவைப்படும், அப்போது கேட்கிறேன். உதவ நினைப்பவர்கள் தனிச் செய்தியில் வாருங்கள், எந்தக் கடையில் வாங்கினோம், என்ன ரசீது என்று இங்கேயே போடுகிறேன். அடுத்த கதையின் யூடி (புது அத்தியாயம்) பொங்கலுக்குப் பிறகு.

முடிச்சூர் வாசகி:

கிரைண்டர் எங்கள் வாசகர் குழுவில் இருந்து. கடை திறந்ததும் சொல்லுங்கள் அக்கா. ஜாக்கெட் என்ன கலர்?